நீர்மட்டம் 6.40

திருவலத்துக்கு மேற்கே, பாலாற்றின் நடு மணலில்
முக்காலியை நிறுத்தினோம்.
கோபுரம் எண் நூற்றுப் பதினேழு, துளை இரண்டு.
தெற்கே காற்றாலைகள் கடைந்தெடுத்த மின்சாரம்
இங்கேதான் ஆற்றைத் தாண்டப் போகிறது,
நாலு கால் ஊன்றி.
அந்த நாலு காலும் எதன்மேல் நிற்கும்
என்று சொல்வது என் வேலை.

அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்பு
முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்.
கயிறு துரைக்கண்ணு கையில், எண்ணிக்கை என் வாயில்.
முதல் பதினைந்து சென்டிமீட்டரின் அடிகள்
கணக்கில் சேராது.
கலைந்த மண் பொய் சொல்லும்.
அடுத்த பதினைந்தும் அதற்கடுத்த பதினைந்தும்
கூட்டி வருவதுதான் வாக்குமூலம்.
ஏழு.
பதினொன்று.
மறுபடி பதினொன்று.

காலையிலிருந்து கரையில் போகிற எல்லோரும்
வண்டியை நிறுத்தி ஒரே கேள்வி:
"இன்னா மேடம், தண்ணி கீதா?"
தவிட்டு மூட்டை ஏற்றிய ஆட்டோக்காரர் கேட்டார்.
ஷூ கம்பெனி வேனிலிருந்து
பாதிக் கண்ணாடி இறக்கி ஒரு பெண் கேட்டாள்.
விஷாரத்துக்கு அண்டா கொண்டுபோன பையன் கேட்டான்.
தண்ணிக்கு இல்லீங்க, டவருக்கு என்றேன்.
ஐந்தாவது ஆளிடம்
"இன்னும் இல்ல" என்றேன்.
அது சுலபமாக இருந்தது.

ரிக் ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் டீசல் குடிக்கும்.
புகையில்லாத மின்சாரத்துக்கு
முதல் புகை எங்களுடையது.

ஆறு மீட்டருக்குக் கீழே மணல் குரல் மாறியது.
குழாயை இரண்டாகப் பிளந்து திறந்தோம்.
பழுப்பு, பழுப்பு, அப்புறம் ஒரு விரற்கடை
எந்த இலையிலும் இல்லாத பச்சை.
துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"எங்க அண்ணன் சட்டையில வரும் இந்த வாசனை.
தோல் ஷாப்புல வேலை.
ஞாயித்துக்கெழமையும் வரும்."

படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு.
ஈரத்துக்கு, இறுக்கத்துக்கு, கூழாங்கல்லுக்கு உண்டு.
குறிப்பு என்ற ஒல்லியான ஓரத்தில்
நுணுக்கி எழுதினேன்: நாற்றம் உள்ளது.

நாடாவை இறக்கினோம்.
ஆறு மீட்டர் நாற்பதில் டுப் என்றது.
பாலாற்றில் தண்ணீர் கிடைத்த சேதியை
நான் எழுத வேண்டிய விதம் இது:
அஸ்திவாரத்துக்கு இடையூறு.
மேலுந்து விசையைக் கணக்கில் கொள்க.
தோண்டும்போது இறைத்து வெளியேற்றுக.

கோவர்த்தனன் டிவிஎஸ்ஸில் வந்தார்.
கரையோரம் அவர் கிணறு, இருநூறு அடி தள்ளி.
அவர் கேட்கவில்லை, தண்ணி கீதா என்று.
துளைக்குள் எட்டிப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார்.
"நம்ம கெணத்துல பதினெட்டு வருஷமா இதான்.
ஆபீஸ்ல போய்ச் சொன்னா ப்ரூஃப் எங்கன்றாங்க."
அப்புறம் என் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.
உள்ளே இரண்டு பாட்டில், ஒரே நீர்,
ஒன்று சோதனைக்கு, ஒன்று சோதனை தவறினால்.
சல்பேட் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு,
சிமெண்ட் எத்தனை வருஷம் தாங்கும்.
அதற்கு மட்டும்தான் பணம் கட்டியிருக்கிறார்கள்.
குரோமியம் பட்டியலில் இல்லை.
கான்கிரீட்டுக்கு ஐம்பது வருஷம் ஆயுள் வேண்டும்.

"இதுல ஒண்ணு குடும்மா."

துளை எண், ஆழம், தேதி, நேரம்,
லேபிளில் என் கையெழுத்து.
அந்தக் கையெழுத்து எந்த மேஜையில் எவ்வளவு செல்லும்,
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
துண்டில் சுற்றி, வண்டிப் பெட்டியில்
முட்டை வைப்பதுபோல் வைத்தார்.

சாயங்காலம் கிண்டி அலுவலகத்திலிருந்து போன்.
"நாற்றம்னு எழுதியிருக்கீங்களே,
அதுக்கு யூனிட் என்ன?"
வரைபடம் போடுகிறவர், நல்ல மனிதர்,
நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.
"ரெண்டாவது பாட்டில் வரலையே?"
உடைஞ்சிடுச்சு சார் என்றேன்.

பிளாஸ்டிக் பாட்டில் அது.

கயிற்றைத் தளர்த்தி துரைக்கண்ணு என்னைப் பார்க்கிறார்.
ஏழரை மீட்டர்.
ஹெட்லைட் போட்டாயிற்று.
முதல் பதினைந்து, கணக்கில் இல்லை.
இருந்தாலும் எண்ணுகிறேன்.